தட்டேக்காட்டுத் தவளைவாயன்

மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மூணாற்றுக்கு ஏறி, பின் அடிமாலி, நேரியமங்கலம் என மேற்கே இறங்கும் நெடுஞ்சாலை கோதமங்கலம் என்னும் ஊரை அடைகிறது. கொச்சிக்குச் செல்வோர் பெரும்பாலும் அங்கே நில்லாமல் கடந்துவிடுகின்றனர். அவ்வூரிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் சென்று, பெரியாற்றின் பாலத்தைக் கடந்தால் தட்டேக்காடு வந்துவிடும். சமதளமான காடு என்பது அப்பெயரின் பொருள்.

திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் ஆதரவில் 1933-இல் அந்நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுக்கப் புறப்பட்ட சலீம் அலி, இக்காட்டில் கண்ட பறவை வளத்தை வியந்து போற்றினார். அரை நூற்றாண்டு கழித்து, 1983-இல், 25 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. மலையுச்சிக் காடுகள் பல இடங்களில் எஞ்சியிருக்க, அடிவாரக் காடுகளோ ரப்பர்த் தோட்டங்களாகவும் ஊர்களாகவும் மாறிவிட்டன. அவ்வகையில் எஞ்சிய சிறு துண்டுகளுள் ஒன்று இது. இக்காட்டின் மிக விந்தையான குடிமகன்தான் இலங்கைத் தவளைவாயன்.

உருவமும் பெயரும்

பெயரைக் கேட்டுப் பெரிய பறவை என எண்ண வேண்டா. ஏறத்தாழ 23 சென்டிமீட்டர் நீளம். நம் வீட்டு முற்றத்து மைனாவின் அளவே. பெரிய தலை, அகன்ற அலகு, அதன் அடியில் மீசை போன்ற விறைத்த மயிர்கள். வாயைத் திறந்தால் தவளையின் நினைவு வராமற் போகாது. ஆணின் நிறம் சாம்பல் கலந்த பழுப்பு, வெண்புள்ளிகள் மிகுதி. பெண்ணோ செங்காவி நிறம், புள்ளிகள் குறைவு. அதன் இலத்தீன் பெயருக்கு 'மாலை அணிந்தது' என்பது பொருள். கழுத்தோரத்து வெண்புள்ளிகளே அந்த மாலை.

தொலைவிலிருந்து பார்ப்போர் இதை ஆந்தை என்பர். ஆயின் ஆந்தையின் வலிய கால்களும் கூர்நகங்களும் இதற்கில்லை. இரவில் கிளையில் அமர்ந்து காத்திருந்து, பூச்சிகளைத் தன் அகன்ற வாயால் கவ்விக்கொள்ளும். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் இலங்கைத் தீவுமே இதன் உலகம். நம் ஆனைமலைக் காடுகளிலும், இலங்கையின் சிங்கராசா வனத்திலும் இது வாழ்கிறது. எனினும் நெடுங்காலம் மிக அரிதாகவே மனிதர் கண்ணில் பட்டது. பறவையியலார் ஆர். சுகதன் மேற்குத் தொடர்ச்சி மலையில் இதன் வாழிடங்களைத் தேடி ஆராய்ந்து, 1981-இல் கட்டுரை வெளியிட்டார்.

அசையாமை என்னும் அரண்

பகல் முழுவதும் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று ஒட்டி, கொடிகள் பின்னிய புதரிலோ மூங்கிற் கூட்டத்திலோ அமர்ந்திருக்கும். காற்றில் சிக்கி நிற்கும் இரண்டு காய்ந்த இலைகள் என்றே தோன்றும். இடையூறு இல்லையெனில் நாள்தோறும் அதே கிளைக்கே திரும்பி வரும். ஆதலால் இடமறிந்த வழிகாட்டி ஒருவர் பகலிலேயே இப்பறவையைக் காட்டிவிட முடிகிறது.

அருகே சென்றாலும் பறக்காத அதைக் கண்டு, "எவ்வளவு துணிவு!" என்பர் சிலர், "எவ்வளவு சாது!" என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. அந்த அசையாமையே அதன் அச்சம். ஆபத்து நெருங்குகிறது என உணர்ந்ததும், அது இறகுகளை உடலோடு ஒடுக்கி, அலகை மெல்ல மேல்நோக்கி உயர்த்தி, கண்களைச் சிறு கீற்றாகச் சுருக்கிக்கொள்ளும். அந்நொடியில் அது பறவையன்று. முறிந்த கிளையின் நுனி! ஓடவும் எதிர்க்கவும் வலிமை குன்றிய உயிருக்கு இறைவன் அளித்த ஒரே கேடயம் அது. அதற்கு அப்பாலும் நாம் நெருங்கினால், பட்டப்பகலில் வெளியே பறப்பதன்றி வேறு வழி அதற்கில்லை.

ஒரே ஒரு முட்டை

கூடும் இவ்வாறே மறைந்திருப்பது. கிளையின்மேல் பாசியையும் தன் மென்தூவியையும் சேர்த்து, உள்ளங்கையினும் சிறிய மெத்தை ஒன்று அமைக்கும். வெளிப்புறத்தில் மரப்பட்டைத் துணுக்குகளைப் பொருத்தி, கிளையின் முடிச்சுப் போலவே ஆக்கிவிடும். அதில் இடுவது ஒரே ஒரு வெள்ளை முட்டை. பகலெல்லாம் அடைகாப்பது தந்தைப் பறவை! வெண்மையான முட்டையைத் தன் மங்கிய நிறத்தால் மூடி, மணிக்கணக்கில் அலகுயர்த்தி அசையாதிருக்கும். இரவில் இருவரும் மாறி மாறிக் காப்பர். குஞ்சு வெளியேறியபின் தந்தை கூட்டையே கலைத்துவிடுவதும் உண்டு.

காணச் செல்வோர்க்கு

அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைகளின் பட்டியலில் இது இல்லை. ஆயினும் ஒரே முட்டையை நம்பி வாழும் பறவைக்கு ஒரு பகலின் தொல்லையும் பெரிதே. தந்தை எழுந்து பறந்தால், வெள்ளை முட்டை வெட்டவெளியில் கிடக்கும். படமெடுப்பதற்காகக் கிளைகளை விலக்குவதும், கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கச் செய்து வரவழைப்பதும், இரவில் விளக்கொளியைக் கண்ணில் பாய்ச்சுவதும் ஆர்வம் எனப்படலாம், அன்பு எனப்படா.

எனவே, குழந்தைகளுடன் செல்லும் பெற்றோர் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுங்கள். இறகு தளர்ந்து, அலகு தாழ்ந்து அமர்ந்திருந்தால் பறவை அமைதியாயிருக்கிறது. அலகு மேலெழத் தொடங்கினால், "போதும், விலகிச் செல்லுங்கள்" என்று அது நம்மிடம் வேண்டுகிறது. அப்போது ஓசையின்றி இரண்டடி பின்வாங்குவதே நாம் அதற்குச் செய்யும் மரியாதை. வாயற்ற உயிர்களின் மொழியைப் புரிந்துகொள்ளும் பிள்ளை, வாய்திறந்து தன் துயரைச் சொல்ல இயலாத மனிதரையும் நாளை புரிந்துகொள்ளும்.