இரண்டாம் முறை எழுதுவது யாருக்குக் கேவலம்?

ஜிஆர்இ தேர்வை மறுபடி எழுதப்போகிறோம் என்று சொன்னதும் எங்களிடம் வரும் முதல் கேள்வி, "ஏன், போன தடவை பெயிலா?" என்பதுதான். கேட்பவர்களில் பாதிப் பேர் நம் தெருக்காரர்கள். அவர்கள் அக்கறையில் கேட்கிறார்கள். மீதிப் பேரின் தொனி வேறு. இட ஒதுக்கீட்டுக்கு இடமே இல்லாத ஒரு தேர்விலும், நம் பிள்ளை இரண்டாவது தடவை உட்கார்ந்தால் "கோட்டாவுல வந்தவங்க, கணக்கு எங்க வரும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்தத் தேர்வில் பாஸ், பெயில் கிடையாது தோழர்களே. மொழிப் பகுதிக்கும் கணக்குப் பகுதிக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை மதிப்பெண். 21 நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம். 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். எந்தத் தடவை வாங்கிய மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை எழுதுபவரே தேர்ந்தெடுக்கலாம். மறுபடி எழுதுவார்கள் என்று தெரிந்தே அமைத்த தேர்வு இது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் முதல் தடவையை "சும்மா பார்த்துட்டு வரேன்" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். ஒரு தடவைக்குக் கட்டணம் 20,000 ரூபாய்க்கு மேல். ஐஐஎம்களுக்கான கேட் தேர்வில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணம் பாதி. இங்கே அந்தச் சலுகை கிடையாது. அவர்களுடைய 'சும்மா', நம் வீட்டில் அம்மா மகளிர் குழுவில் எடுக்கும் ஒரு கடன்.

நாங்கள் நான்கு பேர். பொதுக்கொள்கை, பொருளாதாரம் படிக்க விண்ணப்பிக்கிறோம். நிறையத் துறைகள் ஜிஆர்இ கேட்பதை விட்டுவிட்டன. ஆனால் கணக்கு தேவைப்படும் துறைகளில் பல இன்னும் கேட்கின்றன. மொழிப் பகுதியில் நால்வரும் தேறிவிட்டோம். கணக்கில் 146-லிருந்து 152-க்குள் நின்றுவிட்டோம். ஒன்றிய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 125 பேருக்குத்தான். அதற்கும் உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் இடம் கையில் இருக்க வேண்டும். இப்போது ஏழெட்டு மதிப்பெண் எங்களுக்கு எவ்வளவு பெரிது என்று புரியும்.

பெயர்பெற்ற ஒரு பயிற்சி மையத்தில் போய் விசாரித்தோம். எங்களில் ஒருவர் படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் என்று கேட்டதுமே, "அப்போ பேசிக்ஸ் வீக்கா இருக்குமே" என்றார் அங்கிருந்தவர். ஒரு கணக்குகூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. பள்ளியின் பெயரே போதுமானதாக இருந்தது.

இந்தத் தேர்வின் கணக்குப் பகுதியில் முக்கோணவியல் இல்லை, நுண்கணிதம் இல்லை. விகிதம், சதவீதம், சமன்பாடு, வடிவியல், நிகழ்தகவு, சராசரி. ஏறக்குறைய நம் பத்தாம் வகுப்புப் புத்தகம். திட்டவிலக்கம் என்றால் எங்களுக்குத் தெரியும். அதையே 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்று திரையில் பார்க்கும்போது ஒரு நொடி நின்று மனதுக்குள் மாற்றிக்கொள்கிறோம். இடைநிலை, முகடு, பகா எண், மீதி எல்லாமே அப்படித்தான். 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்' என்ற சின்னச் சொற்கள் இன்னும் மோசம். ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நொடி இப்படிப் போனால் 27 கேள்விக்கு எவ்வளவு போகும்? மொத்தமே 47 நிமிடம்தான். ஆகவே அரசுப் பாடநூலின் ஒன்பதாம், பத்தாம் வகுப்புக் கணக்கைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இறக்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கிறோம். காசு கேட்காத புத்தகங்கள். இந்த ஒரு மாதத்தில் இதைவிட உருப்படியாக வேறெதுவும் உதவவில்லை.

இரண்டு அளவுகளைக் கொடுத்து எது பெரிது என்று கேட்கும் கேள்விகள் தனி ரகம். x ஒரு மிகை எண்; x-இன் வர்க்கம் பெரிதா, x பெரிதா? 2 என்று போட்டால் வர்க்கம் பெரிது. அரை என்று போட்டால் x பெரிது. 1 என்றால் சமம். ஆகவே 'தீர்மானிக்க முடியாது' என்பதே விடை. எங்களுக்குப் பிடித்த விடையும் அதுதான்; தகவல் போதாதபோது முடிவு சொல்லக் கூடாது என்பதைப் பயிற்சி மையத்துக்காரருக்கும் யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை.

கணக்கு இரண்டு சுற்றாக வரும்: 21 நிமிடத்தில் 12 கேள்வி, 26 நிமிடத்தில் 15. முதல் சுற்றில் எப்படிச் செய்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் இரண்டாம் சுற்றின் கடினம். முதலில் கோட்டைவிட்டால் பின்னால் எளிதான கேள்விகள் வரும், மதிப்பெண்ணும் ஓரளவுக்கு மேல் ஏறாது. தவறான விடைக்குக் கழிவு இல்லாததால் எதையும் காலியாக விடுவதில்லை. இரண்டு நிமிடம் தாண்டினால் குறியிட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறோம். திரையில் ஒரு கால்குலேட்டர் தருவார்கள்; அதை மவுஸால் தட்டும் நேரத்தில் வாய்ப்பாடு தெரிந்தவர் கேள்வியையே முடித்துவிடுவார்.

சோர்வு வரும்போது அண்ணலின் பொருளாதார ஆய்வேட்டைப் பற்றிப் பேசிக்கொள்கிறோம். உதவித்தொகைக் காலம் முடிந்து 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் அவர். சிடன்ஹாம் கல்லூரிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியோடும் நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடனோடும் 1920-இல் மறுபடி போனார். ரூபாயைப் பற்றிய அந்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தச் சொல்லித் திருப்பியபோது, திருத்தி மறுபடி கொடுத்து 1923-இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார்.

கட்டணத்துக்கு நால்வரும் பொது உண்டியல் வைத்திருக்கிறோம். பகுதிநேர வேலையில் வருவதில் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம். இப்போதைக்கு ஒருவருக்குத்தான் தேறியிருக்கிறது. விண்ணப்பக் கடைசித் தேதி யாருக்கு முதலில் வருகிறதோ அவர் முதலில் எழுதுவது என்று பேசி வைத்தோம். அது எங்களில் இளையவளுக்கு வந்திருக்கிறது, நவம்பர் முதல் வாரத்தில். மற்ற மூன்று பேருக்கும் தேதி இன்னும் குறிக்கவில்லை.