தேதி முந்தியா, கதை முந்தியா?

சினிமாப் பக்கத்தைத் திறந்தால் பலரும் விமர்சனத்தைத் தேடுவார்கள். நான் வெளியீட்டுத் தேதி தள்ளிப்போன செய்தியைத் தேடுவேன். மே மாதம் வரவேண்டிய படம் நவம்பருக்குப் போகிறது என்றால், அதற்குப் பின்னால் யாருடைய கால்ஷீட்டோ, எந்தக் கம்பெனியின் பேரமோ, முடியாத கிராபிக்ஸ் வேலையோ, சில சமயம் ஒரு சாவோ இருக்கும். இந்த ருசி பிடித்தவர்களுக்கு ஹாலிவுட்டின் மார்வெல் ஸ்டுடியோஸ் 2008 முதல் விருந்து வைத்துக்கொண்டே இருக்கிறது.

மார்வெல் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “பத்து வருஷத்துக்கு முன்னாடியே எல்லாத்தையும் யோசிச்சு வச்சிட்டாங்க சார்!” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிப் பட்டியல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்ப்பவனுக்கு வேறு கதை தெரியும்.

தொடக்கமே நெருக்கடியில்தான். 1996இல் திவால் மனு போட்ட நிறுவனம் மார்வெல். ஸ்பைடர் மேன் சோனியிடமும், எக்ஸ்-மென்னும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸிடமும் போய்விட்டன. 2005இல், கேப்டன் அமெரிக்கா, பிளாக் பாந்தர் உள்ளிட்ட பத்துப் பாத்திரங்களின் திரைப்பட உரிமையை ஈடாக வைத்து, மெரில் லிஞ்ச் மூலம் 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்து சொந்தப் படத் தயாரிப்பில் இறங்கினார்கள். 2008 மே மாதம் ‘அயர்ன் மேன்’ வந்தது. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு சாமுவேல் ஜாக்சன் ஒற்றைக் கண்ணோடு வந்து, அவெஞ்சர்ஸ் என்றொரு முயற்சி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார். முதல் படம் ஓடாமல் போயிருந்தால் அந்தத் துண்டுக் காட்சியை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. படம் ஓடியது, அது முன்னறிவிப்பு ஆகிவிட்டது.

எல்லாம் முன்பே யோசித்தது என்பவர்களிடம் நான் ஒரு கையுறையைக் காட்டுவேன். 2011இல் வந்த ‘தோர்’ படத்தில், தோரின் தந்தை ஓடினின் பொக்கிஷ அறையில், காமிக்ஸில் வரும் சக்திக் கற்கள் எல்லாம் பதித்த கையுறை ஒன்று ஓரமாக இருக்கும். காமிக்ஸ் படித்தவர்கள் கண்டு மகிழட்டும் என்று வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு படத்தில் ஒவ்வொரு மூலையிலிருந்து கிளம்ப ஆரம்பித்தன. வில்லன் தானோஸ் அவற்றைத் தேடிப் புறப்பட்டான். அப்படியானால் அந்த அறையில் இருந்தது என்ன? பார்வையாளர்கள் விடவில்லை. 2017இல் ‘தோர்: ரக்னராக்’ வந்தது. வில்லி ஹேலா அதே அறைக்குள் நடந்து வருகிறாள், கையுறையைப் பார்க்கிறாள், போலி என்று சொல்லித் தட்டிவிடுகிறாள். அவ்வளவுதான். ஆறு ஆண்டுச் சிக்கல் ஒரே தட்டில் தீர்ந்தது. முன்யோசனையை விட இந்தச் சமாளிப்பைத்தான் நான் அதிகம் ரசித்தேன்.

முன்பு ஒரு வார இதழில் தொடர்கதைப் பக்கங்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அத்தியாயம் வந்தாக வேண்டும், ஓவியருக்குப் படம் போட நேரம் வேண்டும், அச்சுக்கூடம் யாருக்காகவும் காத்திருக்காது. முழுக்கதையையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும் எழுத்தாளர்களும் உண்டு, வாராவாரம் கடைசி நிமிடத்தில் எழுதித் தருபவர்களும் உண்டு. தொடர் நன்றாகப் பிடித்துக்கொண்டதெல்லாம் மூன்றாவது வகையினரிடம்தான். அவர்களுக்கு முடிவு தெரிந்திருக்கும். நடுவில் வருவதை வாசகர் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து மாற்றுவார்கள். சாகவேண்டிய பாத்திரம் பிழைக்கும், ஓரமாக வந்து போன பாத்திரம் பெரிதாகும். மார்வெலின் தலைவர் கெவின் ஃபைகியை நான் இந்த மூன்றாவது வகையில்தான் சேர்ப்பேன். குறைந்தபட்சம் 2019 வரை.

2014 அக்டோபர் 28 அன்று, ஹாலிவுட்டில் உள்ள எல் கேப்பிட்டன் திரையரங்க மேடையில் ஏறி, 2019 வரைக்குமான படப் பட்டியலைத் தேதியோடு அறிவித்தார் ஃபைகி. ‘பிளாக் பாந்தர்’ 2017 நவம்பர் 3 என்றார். சில மாதங்களில், 2015 பிப்ரவரியில், ஸ்பைடர் மேனைச் சேர்ந்து பயன்படுத்திக்கொள்ள சோனியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. அவனுக்கு 2017 கோடையில் இடம் வேண்டும். கோடையில் இருந்த ‘ரக்னராக்’ நவம்பருக்குப் போக, அங்கே இருந்த ‘பிளாக் பாந்தர்’ 2018 ஜூலைக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு ‘ஆன்ட்-மேன்’ படத்தை ஜூலையில் நுழைத்தார்கள். ‘பிளாக் பாந்தர்’ இந்த முறை முன்னே நகர்ந்து 2018 பிப்ரவரி 16க்கு வந்தது. இப்படி அலைக்கழிக்கப்பட்ட படம்தான் உலகம் முழுக்க 130 கோடி டாலருக்கு மேல் வசூலித்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்த மேடையில் அறிவித்த ‘இன்ஹியூமன்ஸ்’ படமோ வரவே இல்லை. 2017இல் எட்டு எபிசோடு தொலைக்காட்சித் தொடராகச் சுருங்கி, ஒரே பருவத்தோடு மறைந்தது. பட்டியல் போடுவது ஒரு வேலை. போட்ட பட்டியலைக் கூச்சமில்லாமல் கிழித்துப் போடுவது அதைவிடப் பெரிய வேலை.

சினிமாவோடு தொலைக்காட்சியையும் கட்டி இழுப்பதில்தான் உண்மையான தலைவலி. ஏபிசி சேனலில் 2013 செப்டம்பரில் ‘ஏஜென்ட்ஸ் ஆஃப் ஷீல்ட்’ தொடங்கியது. ‘அவெஞ்சர்ஸ்’ படத்தில் செத்துப்போன கோல்சன்தான் அதில் கதாநாயகன். ரசிகர்களுக்கு அவரைப் பிடித்துப்போனது, அதனால் உயிர் வந்தது. ஆனால் அந்தத் தொடருக்கு ஒரு சாபம் இருந்தது. 2014 ஏப்ரலில் வரப்போகும் ‘கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்’ படத்தில் ஷீல்ட் என்ற உளவு அமைப்பே உள்ளிருந்து அழுகி இடிந்து விழுகிறது. தொடரின் தலைப்பிலேயே அந்த அமைப்பின் பெயர் இருக்கிறது! எழுதுகிறவர்களுக்கு ரகசியம் தெரியும். வெளியே மூச்சு விட முடியாது. செப்டம்பரிலிருந்து வாராவாரம் ஏதாவது காட்டியாக வேண்டும். என்ன செய்வார்கள்? வாரம் ஒரு வழக்கு என்று ஓட்டினார்கள். நவம்பரில் ‘தோர்’ இரண்டாம் படம் வந்ததும், லண்டனில் அந்தச் சண்டை விட்டுப்போன குப்பையை இவர்கள் அள்ளுவதாக ஒரு எபிசோடு வைத்தார்கள். தொடர் நகரவே இல்லை என்று பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். ஏப்ரல் 4, வெள்ளிக்கிழமை படம் வெளியானது. ஏப்ரல் 8, செவ்வாய்க்கிழமை பதினேழாவது எபிசோடில் ஷீல்ட் இடிந்தது. கூடவே இருந்த வார்ட் துரோகி என்று தெரிந்தது. அந்த வாரத்திலிருந்து தொடர் நான்கு கால் பாய்ச்சலில் ஓடியது. ஒரு ரகசியத்தைக் காப்பதற்காகப் பதினாறு எபிசோடுக் கதையைக் காவு கொடுத்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது.

அதே தொடர் 2019இல் ஆறாம் பருவத்துக்கு வந்தபோது தலைகீழாக நடந்தது. ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் தானோஸ் விரலைச் சொடுக்கி உலகில் பாதி உயிர்களை அழித்துவிட்டிருந்தான். இந்தத் தொடரிலோ அப்படி ஒன்று நடந்த பேச்சே இல்லை. ‘எண்ட்கேம்’ ரகசியம் வெளிவருவதற்கு முன்பே படப்பிடிப்பை நடத்தியாக வேண்டியிருந்ததால், பேசாமல் விட்டுவிட்டார்கள். சினிமாக்காரர்களும் தொலைக்காட்சிக்காரர்களும் அப்போது தனித்தனி நிர்வாகத்தின் கீழ் இருந்தார்கள். சினிமா முன்னால் நடக்கும், தொலைக்காட்சி பின்னால் ஓடிவர வேண்டும். திரும்பிப் பார்க்கிற வழக்கம் மட்டும் சினிமாவுக்கு இல்லை.

படத்துக்கும் படத்துக்கும் இடையிலும் வேடிக்கைகள் உண்டு. ‘எண்ட்கேம்’ படப்பிடிப்பு 2018 ஜனவரியில் முடிந்தது. ‘கேப்டன் மார்வெல்’ முதன்மைப் படப்பிடிப்பு அதற்குப் பிறகு, மார்ச்சில் தொடங்கியது. ஆனால் தியேட்டருக்கு ‘கேப்டன் மார்வெல்’ முதலில் வரும். ஆகவே கேப்டன் மார்வெலாக நடித்த பிரீ லார்சன், தன் பாத்திரத்தின் சொந்தக் கதையில் நடிப்பதற்கு முன்பே, அந்தக் கதைக்குப் பின்னால் நடக்கும் காட்சிகளில் நடித்தார். பார்வையாளர்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ‘எண்ட்கேம்’ 279 கோடி டாலர் வசூலித்தது. தமிழ் டப்பிங்கில் விஜய் சேதுபதியின் குரலில் அயர்ன் மேன் பேசியதற்கு இங்கே எழுந்த சண்டை ஓயச் சில நாள் பிடித்தது. அந்த அளவுக்கு அந்தப் பாத்திரம் நம் வீட்டு ஆளாகியிருந்தது.

அதன் பிறகுதான் தேதி கதையை முந்த ஆரம்பித்தது. 2019 நவம்பரில், மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் ஓடிடி, டிஸ்னி பிளஸ் வந்தது. ஓடிடிக்கு மாதாமாதம் சந்தா கட்டுபவர்களை நிறுத்திவைக்க மாதாமாதம் சரக்கு வேண்டும். முதல் கட்டத்தில், 2008 தொடங்கி 2012 வரை, மொத்தம் ஆறு படங்கள். 2021, 2022 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஏழு படங்கள், எட்டுத் தொடர்கள், இரண்டு சிறப்பு நிகழ்ச்சிகள். நடுவே கொரோனா. பிராகாவில் நடந்துகொண்டிருந்த ‘ஃபால்கன்’ தொடரின் படப்பிடிப்பு நின்றது. பின்னால் வரவேண்டிய ‘வாண்டாவிஷன்’ முதலில் வந்தது. ‘பிளாக் விடோ’ 2020 மே மாதத்திலிருந்து 2021 ஜூலைக்குப் போனது. வேலன்டினா என்ற மர்மப் பெண்மணி முதலில் அந்தப் படத்தில்தான் அறிமுகமாக வேண்டும். படம் தள்ளிப்போனதால் ‘ஃபால்கன்’ தொடரில் அவர் முதலில் வந்துவிட்டார். படத்தின் கடைசியில் அவர் தோன்றும்போது, அது ஏற்கெனவே தெரிந்த முகம். அறிமுகக் காட்சி வெறும் காட்சியாகிப் போனது.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில், பிளாக் பாந்தராக நடித்த சாட்விக் போஸ்மன் இறந்ததற்கும் எந்த அட்டவணையிலும் இடம் கிடையாது. வேறு ஒருவரை அந்தப் பாத்திரத்தில் போடுவதில்லை என்று முடிவெடுத்து, கதையையே மாற்றி எழுதி, 2022 மே மாதத்துக்குச் சொல்லியிருந்த இரண்டாம் படத்தை நவம்பரில் கொண்டுவந்தார்கள். அந்த முடிவு சரியானது.

ஆனால் மற்றவற்றுக்குச் சாக்குச் சொல்ல முடியாது. ‘பிளேடு’ படத்தை 2019இல் மேடையில் அறிவித்தார்கள். பிறகு 2023 நவம்பர் என்றார்கள், 2024 செப்டம்பர் என்றார்கள், 2025 பிப்ரவரி என்றார்கள், 2025 நவம்பர் என்றார்கள். இயக்குநர்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கதை இல்லாமல் தேதி மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. 2022இல் ‘அவெஞ்சர்ஸ்: தி காங் டைனஸ்டி’ என்று படத்தின் பெயரிலேயே வில்லனை எழுதி அறிவித்தார்கள். காங் ஆக நடித்த ஜோனதன் மேஜர்ஸை, தாக்குதல் வழக்கில் நீதிமன்றம் குற்றவாளி என்று சொன்ன 2023 டிசம்பர் நாளிலேயே மார்வெல் விலக்கியது. பெயரை மாற்றி, வில்லனை மாற்றி, ராபர்ட் டவுனி ஜூனியரையே டாக்டர் டூம் ஆக்கி, ‘டூம்ஸ்டே’ என்று புதிய பலகை மாட்டினார்கள். பல படங்கள் காத்திருந்து தானோஸை நடு மேடைக்கு அழைத்த அதே நிறுவனம், காங் என்ற வில்லனைப் பார்வையாளர்கள் ஏற்கிறார்களா என்று தெரிவதற்கு முன்பே பெயர்ப்பலகையில் எழுதிவிட்டது.

அவசரத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள். தேதி மாறாது, ஆனால் காட்சி மாறும்; இரவெல்லாம் திருத்த வேண்டும். 2023 செப்டம்பரில் மார்வெலின் கிராபிக்ஸ் தொழிலாளர்கள் ஒருவர்கூட எதிர்க்காமல் தொழிற்சங்கம் சேர வாக்களித்தார்கள். அடுத்து விலை கொடுத்தவர்கள் பார்வையாளர்கள். ‘தி மார்வெல்ஸ்’ வந்தபோது அக்கா மகள் என்னிடம் கேட்டாள்: “மாமா, இதுக்கு முன்னாடி எதெல்லாம் பாத்திருக்கணும்?” முதல் படமான ‘கேப்டன் மார்வெல்’, பிறகு ‘வாண்டாவிஷன்’, பிறகு ‘மிஸ் மார்வெல்’ என்று சொல்லிக்கொண்டே போனேன். “ஒரு சினிமாவுக்குப் போக இவ்வளவா? விடுங்க மாமா” என்று எழுந்து போய்விட்டாள். உலகம் முழுக்க அவளைப் போல நிறையப் பேர் எழுந்து போனார்கள். மார்வெல் ஸ்டுடியோஸ் படங்களிலேயே குறைந்த வசூல் அதற்குத்தான், சுமார் 20 கோடி டாலர்.

டிஸ்னியின் அப்போதைய தலைவர் பாப் ஐகர் 2024 மே மாதம் கணக்கைக் குறைத்தார்: ஆண்டுக்குத் தொடர்கள் இரண்டு, படங்கள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று. அந்த ஆண்டு வந்தது ஒரே படம், ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’. 130 கோடி டாலரைத் தாண்டியது. 2025இல் இன்னொரு முடிவும் எடுத்தார்கள்: 2026 மே மாதம் வரவேண்டிய ‘டூம்ஸ்டே’ டிசம்பர் 18க்குத் தள்ளப்பட்டது. ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. வேலை முடியாத படத்தைச் சொன்ன தேதிக்குத் திணிப்பதை விட, சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது மேல்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதை நடக்கும் ஆண்டு வரிசைப்படி கேப்டன் அமெரிக்காவின் 1940களிலிருந்து தொடங்கச் சொல்லும் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். அவற்றை ஒதுக்கிவிடுங்கள். 2008 ‘அயர்ன் மேன்’ தொடங்கி, தியேட்டருக்கு வந்த வரிசையிலேயே பாருங்கள். எடுத்தவர்களே அந்த வரிசையில்தான் கதையைக் கண்டுபிடித்தார்கள். எந்த இடத்தில் அலுப்புத் தட்டுகிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள். மீதியைப் பார்த்தே தீரவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.