முதல் தடவையா, ரெண்டாவது தடவையா?

பல் டாக்டருக்குப் படிக்கப் போறோம் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் "ஏன்?" என்று கேட்பதில்லை. "எத்தனையாவது தடவையில?" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இதில் எழுதுகிறோம்.

நாங்கள் நாலு பேர். எல்லோரும் ஒரே டிவிஷன் இல்லை. ஆனால் ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்குப் போகும் அதே காலை பஸ்ஸில் உயர்தரத்துக்குப் போனவர்கள். நாலு பேரும் பயோ. 2024இல் முதல் தடவை எழுதினோம். அதற்குப் பிறகு "திரும்ப எழுதுறதா, கிடைச்சதுக்குப் போறதா, வேலை தேடுறதா" என்று நாங்கள் பேசிய பேச்சை ஒரு கொப்பியில் எழுதியிருந்தால் உயிரியல் நோட்ஸை விடத் தடிப்பாக இருந்திருக்கும்.

அமெரிக்காவில் பல் மருத்துவத்துக்கு என்று தனியாக ஒரு அனுமதிப் பரீட்சை இருக்கிறது. தயாராகிவிட்டோம் என்று நினைக்கும்போது நாள் குறித்துக்கொண்டு போய் எழுதலாம். இந்தியாவில் நீட். வருடத்துக்கு ஒருமுறைதான், ஆனால் இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற எல்லை கிடையாது. நமக்கு இந்த இரண்டும் இல்லை. நமக்கு இருப்பது ஏ.எல். மட்டும்தான். உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி, அதற்கு மேல் இசட் புள்ளி. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகள்தான் கணக்கில் எடுப்பார்கள். முதல் ஷை, செகண்ட் ஷை, தேர்ட் ஷை. அதோடு கதவு மூடிவிடும்.

அதனால் "எப்ப எழுதுறது" என்பது நமக்கு நாள் பார்க்கிற விஷயம் இல்லை. மூன்று தடவைகளை எப்படிச் செலவழிப்பது என்கிற விஷயம்.

முதலில் ஏன் பல் மருத்துவம் என்று சொல்லிவிடுகிறோம். உண்மையைச் சொன்னால், பயோ படிக்கிற நிறையப் பேருக்கு அது இரண்டாவது விருப்பம். மெடிசினுக்கு ஒரு துளி குறைந்தவர்கள் போகிற இடம் என்றுதான் கிளாஸிலும் பேச்சு. ஆனால் எங்களில் ஒருத்திக்கு அது எப்போதுமே முதல் விருப்பம். அவளுடைய அம்மாயிக்குக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படிந்திருந்தது. வெத்திலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மலையில் குளிருக்கும் பசிக்கும் அதுதான் துணை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சிங்களத்தில் கேட்டதற்கு அம்மாயியால் பதில் சொல்ல முடியவில்லை. பதிமூன்று வயதுப் பிள்ளை நடுவில் நின்று தெரிந்த சிங்களத்தில் மொழிபெயர்த்தாள். "எத்தனை வருஷமா இப்படி இருக்கு?" என்ற கேள்விக்கு அம்மாயி, "இவ அம்மா பொறந்ததிலருந்து" என்றார். அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று இவளுக்குத் தெரியவில்லை.

இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லியிருக்கிறது. வெள்ளைப் படிவாக இருக்கும்போதே யாராவது வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் காப்பாற்றலாம். அப்படிப் பார்க்கிற ஆள் தமிழில் பேசினால் எங்கள் லயத்து ஆச்சிமார் வாயைத் திறப்பார்கள். எங்களுக்கு இது இரண்டாந்தரப் படிப்பாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

இனி இசட் புள்ளி. வீட்டில் இதை விளங்கப்படுத்துவது பெரிய வேலை. "மூணு 'பி' எடுத்திருக்கியே, பிறகு என்ன?" என்று அப்பா கேட்கிறார். இசட் புள்ளி என்பது நாம் எடுத்த மார்க் இல்லை. எழுதிய எல்லோருக்கும் நடுவில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது. ஒரு பாடத்தில் சராசரி 40, நியம விலகல் 15 என்று வைத்துக்கொள்வோம். 70 எடுத்தவருக்கு இசட் 2. அதே 70ஐ சராசரி 55 ஆக இருக்கும் வருடத்தில் எடுத்தால் 1தான். மூன்று பாடங்களுக்கும் இப்படிப் பார்த்து அதன் சராசரியை எடுக்கிறார்கள். 2001இலிருந்து இந்த முறைதான். ஆகவே "இந்த வருஷம் பேப்பர் கஷ்டமாம், அடுத்த வருஷம் ஈஸியா வரும்" என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஈஸியாக வந்தால் எல்லோருக்கும்தான் ஈஸி.

அடுத்தது மாவட்டம். பல் மருத்துவம் போன்ற பாடநெறிகளில் 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமையில் போகும். 55 வீதம் வரை மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரியும். மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறித்த 16 மாவட்டங்களுக்கு. பதுளை அந்த 16இல் ஒன்று. மொனராகலையும்தான். ஊவா மாகாணம் முழுதும் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாவட்டம் என்ற கோட்டுக்குள் டவுனில் இருக்கிற பெரிய பாடசாலையும் தோட்டத்துப் பாடசாலையும் ஒன்றுதான். லேப் உள்ள பாடசாலையில் படித்தவரும், ஒரு தவணை முழுக்க பௌதிகவியலுக்கு ஆளில்லாமல் இருந்த பாடசாலையில் படித்தவரும் பதுளை என்ற ஒரே வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 2020இல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவத்தில் 7.5 வீத உள் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். அங்கே எந்த மாவட்டம் என்று பார்க்கவில்லை, எந்த மாதிரிப் பள்ளிக்கூடம் என்று பார்த்தார்கள். மலையகத்தில் அப்படி ஒரு பேச்சை யாராவது தொடங்க வேண்டும். அது வரைக்கும் எங்கள் பின்தங்கலை நாங்களே ஈடுகட்ட வேண்டும். அதற்கு இருக்கிற ஒரே வழி இன்னொரு வருடம். அதாவது செகண்ட் ஷை. டவுன் பிள்ளைக்கு இரண்டாவது தடவை என்பது மார்க் கூட்டுகிற வாய்ப்பு. எங்களுக்கு அது பெரும்பாலும் சிலபஸை முழுதாக முதல் தடவை படித்து முடிக்கிற வாய்ப்பு.

இப்போது நாட்காட்டிக்கு வருவோம். நாங்கள் எழுதிய 2024ஆம் ஆண்டுப் பரீட்சை நவம்பரில் தொடங்கி, மழை வெள்ளத்தால் இடையில் நின்று, டிசம்பர் 4இல் திரும்பத் தொடங்கியது. பெறுபேறு 2025 ஏப்ரலில் வந்தது. அடுத்த பரீட்சை அதே வருடம் நவம்பர் 10இல். நடுவில் ஆறரை மாதம். அதற்குள் பரீட்சை விண்ணப்பமும் வந்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் முந்தின வருடத்து வெட்டுப்புள்ளி கையில் இருக்காது. நமக்குப் பேராதனை கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமலேயே திரும்ப எழுதுவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வெட்டுப்புள்ளி வரட்டும், பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். அது வரும்போது பரீட்சைக்கு அவ்வளவு நாள் மிஞ்சாது. நாங்கள் வேறு மாதிரிச் செய்தோம். போன சில வருடங்களில் பதுளை மாவட்டத்துக்கு வந்த வெட்டுப்புள்ளிகளை ஒரு தாளில் எழுதி, எங்கள் இசட்டைப் பக்கத்தில் போட்டோம். வருடா வருடம் அது ஏறி இறங்கும். ஆனாலும் தூரம் தெரியும். ஒருத்திக்குத் தூரம் சின்னது. இன்னொருவனுக்கு மூன்று பாடத்திலும் ஒரு கிரேட் ஏற வேண்டிய தூரம். இரண்டு பேருக்கும் ஒரே முடிவு சரிவராது என்று அந்தத் தாளிலேயே தெரிந்தது.

அதற்கு மேல் வீட்டுக் கணக்கு. தோட்டத்தில் எல்லாமே 'பேர்' கணக்கில்தான். ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. மூன்று பாடத்துக்கு கிளாஸ் காசு, பஸ், பேப்பர், போட்டோகொப்பி எல்லாம் சேர்த்தால் எங்கள் வீடுகளில் மாதத்துக்கு ஒன்பது பத்துப் பேர் போகிறது. அப்படியென்றால் அம்மா ஒரு மாதத்தில் மலை ஏறுகிற நாட்களில் பாதிக்குக் கிட்ட எங்கள் செகண்ட் ஷைக்கு. அது தவிர, நாங்கள் கொழும்பில் கடை வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் இல்லை. இதை யாரும் எங்களிடம் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் தங்கச்சி ஓ.எல். கிளாஸ் ஒன்றை நிப்பாட்டியபோது எங்களுக்கு விளங்கியது.

பொம்பளைப் பிள்ளை என்றால் கணக்கில் இன்னொரு வரி கூடும். "இருபது ஆகுது, இன்னுமா படிக்குது?" செகண்ட் ஷை முடியும்போது இருபது தாண்டும். பல்கலைக்கழகம் கூப்பிடுவதற்குள் இன்னும் ஒரு வருடம் போகும். பிறகு பேராதனையில் ஐந்து வருடம், அதுவும் ஆங்கிலத்தில். எங்களில் ஒருத்தியின் மாமா இதை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். அவளுடைய அப்பா, "அந்த ஆறு வருஷம் படிக்காட்டியும் வயசு போகத்தானே போகுது" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. எல்லா வீட்டிலும் அப்படி நிற்காது என்பது எங்களுக்குத் தெரியும்.

பேராதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலங்கையில் பல் மருத்துவப் படிப்பு 1943இல் கொழும்பில் தொடங்கி 1954இல் பேராதனைக்கு வந்தது. மிக நீண்ட காலம் நாட்டிலேயே அது ஒன்றுதான். பிறகுதான் ஜயவர்தனபுரவிலும் ஒரு பீடம் வந்தது. மருத்துவ பீடங்களோடு ஒப்பிட்டால் இடம் குறைவு. அதனால் வெட்டுப்புள்ளி மெடிசினுக்குக் கொஞ்சம் கீழேதான் நிற்கும். "மெடிசின் கஷ்டம், டென்டல் ஈஸி" என்று நினைத்து இலக்கை இறக்கினால் இரண்டும் கிடைக்காது. விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கைப் போடும்போதும் இது முக்கியம். நம் புள்ளிக்குக் கிடைக்கக்கூடியவற்றில் மேலே போட்டதுதான் நமக்கு வரும். அதனால் பல் மருத்துவம்தான் உண்மையில் வேண்டும் என்றால் அதை முதலில் போடுங்கள். ஊர் பேசும் என்று மெடிசினை முதலில் போட்டு, அதுவே கிடைத்துவிட்டால் பிறகு கவலைப்பட்டுப் பயன் இல்லை.

இன்னொன்று. முதல் தடவையில் வேறொரு பாடநெறி கிடைத்தால், உதாரணத்துக்கு விவசாயம், அதில் பதிவு செய்யும் முன் மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை எடுத்து மீள விண்ணப்பிப்பது பற்றிய பகுதியை வாசியுங்கள். பதிவு செய்த பிறகு அடுத்த வருடப் பெறுபேற்றோடு திரும்ப விண்ணப்பிப்பதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. கையேடு தமிழிலும் வருகிறது. கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. பல்லோடு தொடர்பான இன்னொரு வழியும் உண்டு. பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களுக்கு மஹரகமயில் பயிற்சி. சுகாதார அமைச்சு வர்த்தமானியில் அழைக்கும்போது கண்ணில் படாமல் போய்விடுகிறது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் வாயை முதலில் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

கடைசியில் நாங்கள் என்ன செய்தோம்? தூரம் சின்னதாக இருந்தவள் செகண்ட் ஷை எழுதினாள். இன்னொருத்தியும் எழுதினாள். ஆனால் கிளாஸை ஒரு பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் பாஸ்ட் பேப்பரில் தானே படித்தாள். மூன்றாமவனுக்கு விவசாய பீடம் கிடைத்தது, போகிறான். நாலாவது ஆள் பதுளையில் ஒரு பார்மசியில் வேலை. மூன்றாவது தடவையை இன்னும் கையில் வைத்திருக்கிறான். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஆனால் எப்போது என்று அவனே நாள் வைத்திருக்கிறான். அது முடிந்தால் அதோடு விடுவதாகச் சொல்கிறான்.

அந்தச் செகண்ட் ஷையும் நேராக முடியவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து பதுளை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. மண் சரிந்து, ரோடு உடைந்து, பரீட்சை நடுவில் நின்றது. மீதிப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. எங்களில் ஒருத்தி லயத்தை விட்டுப் பாடசாலையில் தங்கிய நாட்களில், எந்த மண்டபத்தில் எழுத வேண்டுமோ அதைப் போன்ற ஒரு மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தாள். புத்தகம் நனையாமல் இருந்தது பெரிய விஷயம். இசட் புள்ளியில் இதற்கெல்லாம் இடம் கிடையாது.

பெறுபேறு இன்னும் வரவில்லை. இப்போது ஓ.எல். முடித்து பயோ எடுக்க நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்களால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். முதல் தடவையைத் தள்ளிப் போடாதீர்கள், தயாராக இல்லாவிட்டாலும் எழுதுங்கள், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று அதில்தான் தெரியும். இரண்டாவது தடவையை வெட்கமாக எடுக்காதீர்கள், நம்மில் நிறையப் பேருக்கு அதுதான் உண்மையான முதல் தடவை. மூன்றாவதை ஒரு சம்பளத்தோடு சேர்த்து யோசியுங்கள். இந்தக் கணக்கு முழுவதையும் பெறுபேறு வந்த ராத்திரி அழுகைக்கு நடுவில் போடாமல், பரீட்சைக்கு முன்னாலேயே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து போடுங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், யாருடைய கிளாஸ் நிற்கும் என்று. தங்கச்சியையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.