நண்டு ஓடாத வயல்

மெல்ஃபோர்ட், சஸ்காச்சுவன்
மே 24

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

"அங்கே நடவா, தெளிப்பா?" என்று போனில் கேட்டீர்கள். விதைப்பு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. இரண்டும் இல்லை மாமா. ஏர் டிரில் என்றொரு கருவி, காற்றால் விதையை ஊதி வரிசையாக மண்ணுக்குள் இறக்கிவிடும். நேற்றுதான் ஓட்ஸ் விதைத்து முடித்தோம்.

நண்டு ஓட நெல், நரி ஓடக் கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓடத் தென்னை என்று நீங்கள் சொல்லித்தான் எனக்கு இடைவெளி தெரியும். ஒற்றை நாற்று நடவுக்கு மாறிய வருஷம், 25 சென்டிமீட்டருக்கு ஒரு குத்து, சதுர மீட்டருக்கு 16 என்று கயிறு பிடித்தது நான்தானே! ஏக்கருக்கு 3 கிலோ விதைதான் ஆனது. இங்கே முதலாளி ஓட்ஸுக்குச் சதுர மீட்டரில் 300 செடி நிற்க வேண்டும் என்றதும் எனக்குப் பகீரென்றது. வரிசைக்கு வரிசை அதே 25 சென்டிமீட்டர்தான், அதில் நண்டு ஓடும். வரிசைக்குள்ளே எறும்புகூட ஒதுங்கித்தான் போக வேண்டும்.

எத்தனை கிலோ என்று கேட்டேன். ஆயிரம் மணி எண்ணி எடை போடச் சொன்னார். 38 கிராம் இருந்தது. நூற்றுக்கு 85 தேறும் என்று வைத்தால் ஏக்கருக்கு 54 கிலோ.

குறைத்துப் போட்டால் நெல் மாதிரி தூர் கட்டி நிரப்பிக்கொள்ளாதா என்று போன வருஷம் வாதாடினேன். ஒரு மூலையில் பாதி விதை போட்டுப் பார் என்று விட்டுவிட்டார். தூர் கட்டத்தான் செய்தது. ஆனால் இங்கே உறைபனி இல்லாத நாட்களே நூறு சொச்சம். தாய்க்கதிர் பழுத்து நின்றபோது பக்கத்தூர்கள் பச்சையாக, சூம்பிய மணியோடு நின்றன. அதைவிடக் கொடுமை, காலி இடமெல்லாம் காட்டு ஓட்ஸ் பிடித்துக்கொண்டது. குதிரைவாலியை நாற்றிலேயே அத்தை இனம் கண்டு பிடுங்குவாரே, இது அப்படி மாட்டாது. ஓட்ஸுக்கு ரத்தச் சொந்தம். பயிரை விட்டு இதை மட்டும் கொல்லும் களைக்கொல்லி கிடையாது. அறுவடைக்கு முன்பே விதையை உதிர்த்துவிட்டு மண்ணில் வருஷக்கணக்கில் ஒளிந்துகிடக்கும். இடமே கொடுக்காமல் நெருக்கி விதைப்பதுதான் இதற்கு மருந்து.

இந்தக் களையை ஒழிக்கும் வேலை முந்தின வருஷமே தொடங்கிவிடுகிறது. இந்த நிலத்தில் போன வருஷம் கனோலா, நம் கடுகுக்கு உறவு. அகன்ற இலைப் பயிர் என்பதால் புல்லை மட்டும் கொல்லும் மருந்தை அதில் அடிக்கலாம். காட்டு ஓட்ஸின் கணக்கை அங்கேயே பெரும்பாலும் தீர்த்துவிடுகிறோம். பார்லிக்குப் பின்னால் ஓட்ஸ் போடமாட்டார், உதிர்ந்த பார்லி முளைத்துக் கலந்தால் மில்காரர்கள் முகம் சுளிப்பார்களாம். பட்டாணி போட்ட நிலத்தில் தழைச்சத்து தங்கியிருக்கும். உளுந்தடித்த வயலில் நீங்கள் யூரியாவைக் குறைப்பது போல இங்கும் குறைக்காவிட்டால் ஓட்ஸ் மதமதவென்று வளர்ந்து சாய்ந்துவிடும்.

நெருக்கம் மிஞ்சினாலும் தண்டு மெலிந்து சாயும், மணி சிறுக்கும் என்கிறார். எனக்குத்தான் சும்மா இருக்க முடியாதே. இந்த வருஷமும் ஒரு மூலையைக் கேட்டு வாங்கி 400 செடிக் கணக்கில் போட்டிருக்கிறேன். முளைத்ததும் எண்ணிச் சொல்கிறேன்.

ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிடுவார்களா? குறுவைக்கு நாற்று விட்டாயிற்றா? எழுதுங்கள்.

அன்புள்ள மருமகன்,
குமார்