வெளியேறும் வழி

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மனிதர்களுக்கு ‘டேங்க்’ என்றால் முதலில் ஏரிதான். வெள்ளைக்காரர் காலத்து ஆவணங்கள் எங்கள் ஏரிகளையெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லில்தான் எழுதி வைத்தன. கங்கைகொண்டசோழபுரத்தில் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கமும் அந்தக் கணக்கில் ஒரு டேங்க்தான். போர் வண்டிக்கும் அதே பெயர் வந்தது தற்செயலன்று. முதல் உலகப் போரின்போது பிரிட்டன் மறைவாகக் கட்டிய கவச வண்டிகளை, வெளியார் அறியாதிருக்கத் தண்ணீர்த் தொட்டிகள் என்று சொல்லி வைத்தார்கள். பொய்ப்பெயரே மெய்ப்பெயராக நிலைத்துவிட்டது. 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கிய அந்த வண்டிகளுக்குள், 105 குதிரைத்திறன் எந்திரம் தடுப்பு ஏதுமின்றி வீரர்களின் நடுவிலேயே இருந்தது. வெப்பமும் புகையும் தாளாமல் உள்ளிருந்தவர்கள் தளர்ந்து போனார்கள். தண்ணீரின் பெயரைத் தாங்கிய வண்டி பிறந்த நாளிலிருந்தே வெந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் தேடிப் படிக்க வேண்டிய தேவை தமிழாசிரியர்களான எங்கள் இருவருக்கும் ஏன் வந்தது என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம், அக்கா மகன். பதினோராம் வகுப்புக்காக எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறான். அவன் அப்பா, எங்கள் மச்சான், கவசப் படைப்பிரிவில் டி-72 ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்று, இப்போது அரியலூருக்கு அருகே ஒரு சிமெண்ட் ஆலையில் காவல் பணி பார்க்கிறார். பையன் பிறந்ததிலிருந்து அவர் ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து போகும் மனிதர். இருவருக்கும் பேச்சே கிடையாது என்று சொல்ல முடியாது. ‘சாப்பிட்டியா?’, ‘சாப்பிட்டேன்பா’, ‘மார்க் எவ்வளவு?’ அவ்வளவுதான் பேச்சு.

மச்சான் கடைசி விடுப்பில் வாங்கி வந்த பொருள் ஒன்று இருக்கிறது. வானொலி அலையில் இயங்கும் டி-72 மாதிரி. பதினாறில் ஒரு பங்கு அளவு. உடல் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் நீளம். இரண்டு மின்மோட்டார்கள், 7.4 வோல்ட் லித்தியம் மின்கலம். கார்த்திகை, மார்கழியில் ஒழுங்காக ஓடிய வண்டி பங்குனி பிறந்ததும் படுத்துவிட்டது. பத்து நிமிடம் ஓடும். பிறகு திரும்பும்போது தடுமாறி நின்றுவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். உள்ளே ஒரு விசிறி வைத்தால் சரியாகிவிடும் என்று பையன் சொன்னான். எந்த விசிறி என்ற கேள்வி அங்கே தொடங்கியது.

கல்லூரியில் இயற்பியல் துறை நண்பரிடம் கேட்டோம். அவர் சொன்ன கணக்கு எங்களைத் திகைக்க வைத்தது. நீள அகலங்கள் பதினாறில் ஒன்றாகக் குறைந்தால் மேற்பரப்பு 256இல் ஒன்றாகவும் கன அளவு 4,096இல் ஒன்றாகவும் குறையும். ஆகவே சிறிய வண்டிக்கு, அதன் பருமனை நோக்க, வெப்பத்தை வெளிவிடும் தோல் பதினாறு மடங்கு அதிகம். நியாயமாக அது எளிதில் ஆறவேண்டும். ஆறாமற்போவதற்குக் காரணம் அந்தத் தோல் பிளாஸ்டிக்காக இருப்பது. உண்மை வண்டியின் எஃகு வெப்பத்தைக் கடத்தும். பிளாஸ்டிக் அதைப் போர்வைபோலப் பொத்தி வைக்கும். அதோடு, சங்கிலிச் சக்கர வண்டி திரும்புகையில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் மிக உயர்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் சுருளில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்கு. நேராகப் போகும்போது நிற்காத வண்டி திரும்பும்போது நின்றது இதனால்தான்.

அடுத்து அவர் சொன்னது எங்கள் வகுப்பறை வரை வந்தது. விசிறி எதையும் குளிர்விப்பதில்லை. சுற்றியுள்ள காற்றைவிட ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதை மட்டுமே அது கட்டுப்படுத்தும். வெளியே 40 டிகிரி என்றால் எத்தனை விசிறி வைத்தாலும் உள்ளே 40க்குக் கீழே இறங்காது. மனிதனுக்கு விசிறி குளிர்வது வியர்வை ஆவியாவதால். எந்திரத்துக்கு வியர்க்காது.

புறநானூற்றின் 50ஆம் பாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள் நாங்கள். முரசு நீராடப் போயிருந்த வேளையில், அதன் கட்டிலில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாரை வாளால் வெட்டாமல், அவர் விழிக்கும்வரை விசிறி நின்றான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. போர்க்கருவி இருக்கும் இடத்தில் விசிறி வந்த கதை அது. பையனுக்குச் சொன்னோம். அவன் சற்று யோசித்து, “புலவருக்கு வேர்த்திருக்கும் மாமா, அதான் விசிறி வேலை செஞ்சிருக்கு” என்றான். இத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் சொல்லாத உரை.

சரி, விசிறிக்கு வருவோம். 40 மில்லிமீட்டர் சதுர விசிறி, 30 மில்லிமீட்டர் சதுர விசிறி, 50 மில்லிமீட்டர் நத்தை வடிவ ஊதி என்று மூன்று வகைகள் எங்கள் முன் இருந்தன. முதலில் மின்னழுத்தம். 12 வோல்ட் விசிறியை 7.4 வோல்ட்டில் இணைத்தால் சோம்பலாகச் சுழலும்; சில புறப்படவே செய்யா. சுழலும் வேகம் பாதியானால் காற்றின் அளவு பாதியாகும். ஆனால் அது தள்ளும் அழுத்தம் நான்கில் ஒன்றாகிவிடும். 5 வோல்ட் விசிறியை நேராக இணைத்தாலோ, முழுதும் ஏறிய மின்கலத்தின் 8.4 வோல்ட் அதைக் கருக்கிவிடும். மின்னழுத்தத்தை இறக்கித்தரும் சிறு பலகை ஒன்றை இடையில் வைப்பதே வழி. அடுத்து தாங்கி. எண்ணெய் ஊறிய உலோக வளையத்தில் சுழல்பவை மலிவு, ஓசையும் குறைவு. சூட்டில் எண்ணெய் வற்றினால் முனகத் தொடங்கும். குண்டுத் தாங்கி சற்று இரையும். ஆனால் சாய்ந்தும் குலுங்கியும் ஓடும் வண்டிக்கு அதுவே நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘நிமிடத்துக்கு இத்தனை கன அடி’ என்ற எண்ணை நம்பிவிடக் கூடாது என்பது நாங்கள் கற்ற மற்றொரு பாடம். அது தடையே இல்லாத வெட்டவெளியில் அளந்தது. கம்பிகளும் பற்சக்கரங்களும் நெருங்கிய பெட்டிக்குள் அந்தக் காற்று கிடைக்காது. எங்களுக்கு மேலும் ஒரு தடை இருந்தது. பையன் வண்டியை ஓட்ட விரும்பியது அரியலூர் வீட்டு முற்றத்தில். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் லாரிகளும் உள்ள ஊரின் தூசி எப்படிப்பட்டது என்று அங்கே துணி காயப்போட்டவர்களுக்குத் தெரியும். வடிதுணி இல்லாமல் விசிறி வைத்தால் தூசியை உள்ளே அழைப்பதாகும். வடிதுணி வைத்தாலோ சதுர விசிறி மூச்சு முட்டி நிற்கும். தடையை மீறித் தள்ளுவதில் நத்தை வடிவ ஊதியே வலிது.

இந்த இடத்தில்தான் பையன் தானாகவே அப்பாவுக்குத் தொலைபேசினான். ஒலிபெருக்கியில் நாங்களும் கேட்டோம். மச்சான் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “காத்து வெளிய போற வழிய முதல்ல பாத்தியா?” என்றார். உண்மை டி-72இல் இருப்பதும் மையவிலக்கு ஊதிதான் என்றும், 780 குதிரைத்திறன் எந்திரமே அதைச் சுழற்றும் என்றும், மேல்தளத்துச் சட்டங்கள் வழியாகக் குளிர்விப்பான்களை ஊடுருவி உள்ளே வரும் காற்று பின்புறமாக வெளியேறும் என்றும் விளக்கினார். “உள்ள தள்றது பெருசில்ல தம்பி. வெளியேற வழியில்லன்னா அதே சூட்டுக் காத்துதான் உள்ள சுத்தும்.”

எங்களுக்கு ஊர்ப்பக்கத்துப் பழைய வீடுகள் நினைவுக்கு வந்தன. தெருவாசலுக்கு நேராகக் கொல்லைவாசல் வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்தார்கள். கொல்லைக் கதவைச் சாத்திவிட்டால், திண்ணையில் எவ்வளவு காற்று அடித்தாலும் கூடம் புழுங்கும்.

அன்றைய பேச்சு நாற்பது நிமிடம் நீண்டது. இராஜஸ்தானத்து வெயிலில் மேல்மூடியைச் சாத்திக்கொண்டு ஓட்டிய நாட்கள், வெறுங்கையால் தொடமுடியாத இரும்பு, தண்ணீர்ப் புட்டியைச் சுற்றிய ஈரத்துணி, நாள்தோறும் தட்டித் துடைத்த காற்று வடிகட்டிகள் என எல்லாம் வந்தன. எங்களில் யாரும் கேட்டறியாதவை. அக்காவுக்கும் பாதி புதிது என்று பிறகு தெரிந்தது. இத்தனை காலம் அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாங்கள் காரணம் கற்பிக்க விரும்பவில்லை. ஒருவேளை, வீரத்தைப் பற்றிக் கேட்டவர்கள் இருந்தார்கள். சூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கடைசியில் தேர்ந்தது 5 வோல்ட், 50 மில்லிமீட்டர் ஊதி. முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பயன்படும் வகை; திருச்சியில் ஒரு கடையில் கிடைத்தது. சங்கிலிகள் கிளப்பும் தூசி தரையருகே இருப்பதால், காற்றை மேலே சுழல்கோபுரத்தின் அடி வழியாக எடுத்தோம். ஊதியின் வாயை மோட்டார்களையும் அவற்றை இயக்கும் மின்பலகையையும் நோக்கித் திருப்பினோம். பின்புறத்தில் வெறும் அலங்காரமாக அடைத்திருந்த சட்டங்களைப் பையன் பொறுமையாக அறுத்துத் திறந்தான். அதற்கு மட்டும் ஒரு மாலை ஆயிற்று. மின்கலத்தைக் காற்றுப்பாதையின் முன்பகுதிக்கு மாற்றினோம். மோட்டாரின் சூடு பட்ட காற்று லித்தியம் கலத்தின் மேல் படக்கூடாது. ஓடி முடித்த சூட்டோடு அதை மின்னேற்றக் கூடாது என்பதையும் எழுதி ஒட்டினோம்.

சித்திரையில் ஒரு ஞாயிறு மாலை அரியலூர் முற்றத்தில் வண்டி இருபத்தைந்து நிமிடம் நிற்காமல் ஓடியது. மச்சான் குந்தி உட்கார்ந்து, பின்புறச் சட்டங்களுக்கு எதிரே புறங்கையை வைத்துப் பார்த்தார். “சூடா வருது, நல்லது” என்றார். உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இப்போதும் சனிக்கிழமை மாலைகளில் பையன் அரியலூர்ப் பேருந்து ஏறுகிறான். வடிதுணியைக் கழற்றித் தட்டுவது அப்பாவின் வேலை, திருகாணி முடுக்குவது மகனின் வேலை என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அக்காவிடம் கேட்டோம். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாள்.