கடைசி மூச்சின் கணக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

ஒளியிழை வலையமைப்பில் பல இடங்களில் பரந்து கிடக்கும் உபகரணங்களை ஓரிடத்திலிருந்து கண்காணிக்கவும் அமைக்கவும் பழுதறியவும் உதவும் மென்பொருள் முகாமை மென்பொருள் எனப்படுகிறது. கட்டளையிடுவது அதன் சிறிய வேலை. ஓர் உபகரணம் ஏன் பேசாமல் போனது என்று பிரித்தறிவதே அதன் பெரிய வேலை. இன்று முற்பகல் பதினொன்றரை மணியளவில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியில் பட்டதே காரணம் என எரிசக்தி அமைச்சர் குமார ஜயகொடி தெரிவித்தார். இத்தகைய நாளில் கட்டுப்பாட்டறைத் திரையில் நிகழ்வதை விளங்கிக்கொள்ள, கொழும்பை அடுத்த கொலன்னாவையில் ஒரு வீதியை எடுத்துக்கொண்டால் போதும்.

தொலைபேசி நிலையத்தில் ஓ.எல்.ரி. எனப்படும் தலைமைக் கருவி இருக்கிறது. அதிலிருந்து புறப்படும் ஒற்றை இழை, கம்பத்திலோ வீதியோரப் பெட்டியிலோ உள்ள பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து வீடுகளுக்குள் செல்கிறது. வீட்டார் 'றவுட்டர்' என்று அழைக்கும் பெட்டியின் தொழில்நுட்பப் பெயர் ஓ.என்.ரி. பிரிப்பானுக்கு மின்சாரமே வேண்டியதில்லை. நிலையத்துக்குப் பற்றரியும் மின்பிறப்பாக்கியும் உண்டு. ஆகவே மின்சாரம் போனதும் முதலில் அணைவது வீட்டுப் பெட்டிதான். ஆனால் அது சொல்லாமல் அணைவதில்லை. உள்ளே வரும் மின்னழுத்தம் சரிவதை உணர்ந்ததும், கொள்ளளவியில் எஞ்சிய மின்னேற்றத்தைக் கொண்டு, தனக்கு மின்சாரம் அற்றுவிட்டது என்னும் குறுஞ்செய்தி ஒன்றை ஓ.எல்.ரி.க்கு அனுப்பிவிட்டே ஓய்கிறது. பொறியியலாளர் இதைக் 'கடைசி மூச்சு' என்கின்றனர். இவ்வகை வலையமைப்புக்கான ஜிபொன் நியமத்தின்படி எல்லா வீட்டுப் பெட்டிகளும் ஒரே இழையில் முறைவைத்தே பேச வேண்டும் என்பதால், தன் முறை வரும்வரை, அதாவது சில மில்லி செக்கன்களேனும், அந்த மின்னேற்றம் தாக்குப்பிடிக்க வேண்டும். மலிவான பெட்டிகள் சில இதில் தவறிவிடுகின்றன. அவை சொல்லாமலே போய்விடுகின்றன.

வீதியைத் தோண்டுபவரின் அலவாங்கு இழையை அறுத்தால் கதை வேறு. அப்போது வீட்டுப் பெட்டிக்கு உயிர் உண்டு, ஆனால் பேச வழி இல்லை, வீட்டில் எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு எரிய, திரையில் முப்பத்திரண்டு வீடுகளும் ஒரு மூச்சும் விடாமல் ஒரே கணத்தில் மறைகின்றன. மென்பொருளுக்கு இரண்டுமே மௌனம்தான்; பிரித்துக் காட்டுவது அந்தக் கடைசி மூச்சு மட்டுமே. முதலாவதற்கு ஆள் அனுப்புவது வீண் செலவு; இரண்டாவதற்கு அனுப்பாமல் இருப்பது தவறு.

2025 பெப்ரவரி 10, திங்கள்

நேற்றைய இடறலில் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றுபோனதால், இன்று முதல் ஒன்றரை மணிநேரச் சுழற்சி மின்வெட்டு நடைமுறைக்கு வந்திருக்கிறது. முழு இருளைவிட இது மென்பொருளுக்குக் கடினம். நேற்று எல்லோருக்கும் ஒரே காரணம். இன்று தெமட்டகொடையில் மின்சாரம் இருக்கும்போது வெல்லம்பிட்டியில் இருப்பதில்லை.

ஒரு பழுது நூறு எச்சரிக்கைகளைப் பிறப்பிப்பது இவ்வகை மென்பொருளின் பழைய நோய். பெரும்பாலான மென்பொருள்கள் எச்சரிக்கைகளை மிகப் பாரதூரமானது, பெரியது, சிறியது, முன்னறிவிப்பு என நான்கு தரங்களாக வகுத்து, சிவப்பு முதல் நீலம் வரை நிறமிட்டுக் காட்டுகின்றன; ஆயினும் ஆயிரம் சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே ஆயிரத்தோராவது புள்ளியை எவரும் காண்பதில்லை. எனவே மின்வெட்டு அட்டவணையை உள்ளிட்டு, அந்நேரத்தில் அப்பகுதியின் எச்சரிக்கைகளை மறைத்துவைக்கும் வழக்கம் உண்டு. வசதியான வழக்கம் என்றாலும், இங்கே அது பாதிதான் சரி: மறைக்க வேண்டியது கடைசி மூச்சு விட்டவற்றை மட்டுமே. பகுதி முழுவதையும் ஒரேயடியாக மறைத்தால், அந்த ஒன்றரை மணிநேரத்துக்குள் இழை அறுந்தாலும், மின்சாரம் மீண்டு வாடிக்கையாளர் அழைக்கும்வரை அது தெரியவராது.

நிலையத்துப் பற்றரிகளையும் இதே திரையில்தான் பார்க்க வேண்டும். தொலைத்தொடர்பு நிலைய உபகரணங்கள் உலகெங்கும் பெரும்பாலும் எதிர் 48 வோல்ற் நேரோட்டத்தில் இயங்குவன. அவ்வெண்ணின் பருமன் மெல்ல இறங்கத் தொடங்கினால், மின்பிறப்பாக்கி தொடங்கவில்லை என்பதும், வீடுகளை அடுத்து நிலையமே மௌனமாகப் போகிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

2025 பெப்ரவரி 12, புதன், நவம் போயா

விடுமுறையில் மின்கேள்வி குறைவு என்பதால் இன்று மின்வெட்டு இல்லை. திரை அமைதியாக இருக்கும் இத்தகைய நாளே செயற்றிறன் பதிவேடுகளைப் படிக்க உகந்தது. உபகரணங்கள் வழமையாக 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் 24 மணிநேரத்துக்கு ஒருமுறையும் தம் அளவீடுகளைத் தொகுத்துவைக்கின்றன. அவற்றுள் முதன்மையானது வந்துசேரும் ஒளியின் வலு. ஒரு மில்லிவாற்றைப் பூச்சியமாகக் கொண்டு டி.பி.எம். என்ற மடக்கை அலகில் அதை அளக்கின்றனர். மூன்று அலகு இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். பரவலாகப் பயன்படும் பி பிளஸ் வகை வீட்டுப் பெட்டி எதிர் 27 வரை வாசிக்கும். அதற்குக் கீழே தரவை நம்ப முடியாது.

32 கிளைப் பிரிப்பான் ஏறத்தாழ 17 டெசிபலை விழுங்கிவிடுகிறது. இழையோ ஒரு கிலோமீற்றருக்கு அரை டெசிபலைக்கூட எடுப்பதில்லை. ஆகவே ஒரே வீதியின் வீடுகள் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அவற்றுள் ஒன்று மட்டும் மூன்று நான்கு அலகு தாழ்ந்திருந்தால் அந்தக் கிளையிலேயே குறை இருக்கிறது. அது என்ன குறை என்பதற்கும் ஒரு துப்பு உண்டு. நிலையத்திலிருந்து வீட்டுக்கு 1490 நானோமீற்றர் அலைநீளத்திலும், வீட்டிலிருந்து நிலையத்துக்கு 1310 நானோமீற்றரிலும் ஒளி பயணிக்கிறது. இழை வளைந்து நெரிந்தால் நீண்ட அலைநீளமே அதிகம் கசியும். வரும் ஒளி போகும் ஒளியைவிட அதிகம் தேய்ந்திருந்தால், கதவிடுக்கிலோ அலுமாரிக்குப் பின்னாலோ இழை மடங்கிக் கிடக்கிறது எனலாம்; இரண்டும் ஒத்த அளவில் தேய்ந்திருந்தால் இணைப்பியின் முனையில் அழுக்கு என்று ஐயுறலாம். வீட்டுப் படியேறாமலே இவ்வளவையும் சொல்ல முடிவது இம்மென்பொருளின் மிக நுட்பமான பயன். ஆயினும் இந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்ப்போர் குறைவு.

2025 பெப்ரவரி 13, வியாழன்

கொலன்னாவை தாழ்நிலம். களனி கங்கை 2016 மே மாதத்தில் பெருகியபோது இப்பகுதியின் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அத்தகைய நாளில் எந்த வீதியோரப் பெட்டி முதலில் மூழ்கும் என்பதை மென்பொருள் தானாக அறியாது. பெட்டியின் இருப்பிடத்தை எவரோ ஒருவர் தட்டச்சு செய்திருந்தால்தான் அதற்குத் தெரியும். கொழும்பின் தனிச் சிக்கல் இங்கேதான். கொட்டாஞ்சேனை என்று தமிழரும் கொட்டஹேன என்று சிங்களவரும் சொல்லும் இடமொன்றே. வெள்ளவத்தையின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ ஈற்றெழுத்தில் இருவிதம். ஒருவர் ஒருவிதமாகவும் அடுத்தவர் மற்றவிதமாகவும் பதிந்தால், ஒரே வீதியின் இரு பெட்டிகள் மென்பொருளின் பார்வையில் இரு ஊர்களுக்குப் பிரிந்துவிடுகின்றன; ஒரே அறுப்பு இரு தனிப் பழுதுகளாகப் பதிவாகி, இரு வாகனங்கள் புறப்படுகின்றன. முறைப்பாட்டு இலக்கங்களைப் பிழையின்றி எண்ணும் நிரல், ஊர்ப் பெயரில் தடுமாறுகிறது.

கடலடியில் இச்சிக்கல் இல்லை, அங்கே தூரம் ஒன்றே முகவரி. 2004 ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புக்கு அப்பால் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடி வடத்தைச் சேதப்படுத்தி நாட்டின் இணையத்தை முடக்கியது. இத்தகைய சந்தர்ப்பங்களில் கரையிலிருந்து ஒளித்துடிப்பை அனுப்பி, அது எதிரொளித்துத் திரும்பும் நேரத்தை அளக்கின்றனர். இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், போய்வர எடுத்த ஒவ்வொரு 10 மைக்ரோ செக்கனும் ஒரு கிலோமீற்றர்.

2025 பெப்ரவரி 15, சனி

மின்சாரம் சீரானதும் வீட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றுத் தம்மைப் பதிந்துகொள்ள, கடைசி மூச்சு எச்சரிக்கைகள் 'நீங்கியது' என்ற குறியுடன் பட்டியலிலிருந்து இறங்குகின்றன. இறங்காமல் எஞ்சுபவையே கவனத்துக்குரியன. மீண்டும் வரும் மின்சாரம் கருவியை எரித்துவிடும் என்ற அச்சத்தில் பிளக்கைக் கழற்றியவர்கள் அவற்றுள் உள்ளனர். இரவில் சுவிட்சை அணைப்பவர்களும் உள்ளனர், அவர்களின் பெட்டியும் ஒவ்வொரு இரவும் அதே மூச்சை விடுகிறது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில், கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளிடம் போகும் பெற்றோர் வாசலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுக் கதவைப் பூட்டும் வழக்கம் உண்டு. அத்தகைய வீட்டின் எச்சரிக்கை மாதக்கணக்கில் பட்டியலின் அடியில் கிடக்கும். அனுபவமுள்ள பொறியியலாளர் அதை அழிப்பதில்லை. குறிப்புப் பெட்டியில் 'வீட்டார் வெளிநாட்டில்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார்.