லிஃப்ட்டுக்கு அடியில நின்ன தண்ணி

 

போன மழை சீசன்ல என் பொண்ணுக்கு டெங்கு. வயசு ஆறு. நான் ஜிஹெச்ல காய்ச்சல் வார்டு பாக்குற ஆளு. தினமும் பேஷண்ட் கூட வர்றவங்ககிட்ட, "வீட்டைச் சுத்தி எங்கயாவது தண்ணி நிக்குதா?"ன்னு கேப்பேன். எல்லாரும் "இல்ல சார்"னுதான் சொல்லுவாங்க. மனசுக்குள்ள சிரிச்சுப்பேன்.

நாலாவது நாள் காய்ச்சல் இறங்குச்சு. "விட்டுடுச்சுப்பா"ன்னு அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் பயம் ஆரம்பிச்சது. டெங்குல ஆபத்தான கட்டமே காய்ச்சல் இறங்கும்போதுதான். சாயங்காலம் வயிறு வலிக்குதுன்னா, ரெண்டு தடவை வாந்தி. உடனே அட்மிட் பண்ணிட்டோம். மூணு நாள் டிரிப்ஸ். நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டா.

டெங்கு கேஸ் ரிப்போர்ட் ஆனா, அந்த வீட்டுக்கு கொசு ஒழிப்புப் பணியாளர் வருவாங்க. எங்க வீட்டுக்கு வந்த அக்காகிட்ட நானும் அதே பதிலைத்தான் சொன்னேன்: "எங்கயும் தண்ணி நிக்கலக்கா." பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜ் பின்னாடி ட்ரே, மாடி டேங்க் மூடி, எல்லாம் பார்த்தாச்சு.

"லிஃப்ட் குழி பார்த்தீங்களா சார்?"

அப்படி ஒண்ணு இருக்குங்கிற நினைப்பே எனக்கு இல்ல. மெக்கானிக் வந்து, கரண்டை ஆஃப் பண்ணி, லிஃப்ட்டை மேல நிறுத்திட்டு டார்ச் அடிச்சார். முக்கால் அடி தண்ணி, பளிங்கு மாதிரி. அக்கா மொண்டு காட்டினாங்க, அத்தனை புழு. பக்கத்து சம்ப்புல இருந்து கசிவு. அபார்ட்மெண்ட் குரூப்ல ரெண்டு மாசம் முன்னாடியே ஒருத்தர் "லிஃப்ட்ல ஈர வாடை"ன்னு போட்டிருந்தார். அந்த குரூப்பை நான் மியூட்ல வெச்சிருந்தேன்.

அந்தக் கொசுதான் கடிச்சதுன்னு நிரூபிக்க முடியாது. ஏடிஸ் பகல்ல கடிக்கிற கொசு, ஸ்கூல்ல கூட கடிச்சிருக்கலாம். ஆனா எனக்குத் தூக்கம் வரல.

உங்க பில்டிங்லயும் பாருங்க. நீங்களே உள்ள இறங்காதீங்க, கரண்ட் இருக்கும். எலி நடமாட்டம் இருந்தா எலிக்காய்ச்சலும் வரும், இறங்குறவருக்கு பூட்ஸும் கையுறையும் குடுங்க. தண்ணியை மோட்டார் வெச்சு எடுத்தா மட்டும் பத்தாது. ஏடிஸ் முட்டை தண்ணி விளிம்புக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல சாகாது. சுவத்தைத் தேய்ச்சுக் கழுவணும், கசிவை அடைக்கணும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

காய்ச்சல்னா பாராசிட்டமால் மட்டும். புருஃபென், டைக்லோ, ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக்கசிவு ஆபத்து. காய்ச்சல் விட்டதுக்கு அப்புறம் வயிறு வலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், அசதி, இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காம ஆஸ்பத்திரி வாங்க.

சம்ப் விரிசலை அடைச்சாச்சு. செலவை யார் குடுக்கிறதுன்னு மூணு மீட்டிங் நடந்தது தனிக் கதை. முந்தாநாள் மழைக்கு அப்புறம் மெக்கானிக் திறந்து பார்த்தார். மறுபடியும் ரெண்டு விரல் தண்ணி. இன்னிக்கு மோட்டார் வருது.